சைக்கிள் குதிமேடு: டர்பன் மண்ணில் எது கோளாறு, எப்படிச் சரிசெய்வது

குதிமேடு என்பது சைக்கிளோடு ஏறிப் பறப்பதற்காகக் கட்டும் மண்மேடு. அதில் ஏதாவது சரியில்லை என்றதும் பையன்கள் செய்யும் முதல் வேலை, அதன் மேல் இன்னும் இரண்டு வண்டி மண்ணைக் கொட்டுவது. எட்டவில்லையா, கொட்டு. தூக்கி எறிகிறதா, கொட்டு. மழையில் கரைந்ததா, மறுபடியும் கொட்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் நம் பிள்ளைகள் கட்டும் மேடுகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மண்வெட்டி கடைசியில் வரட்டும். முதலில் வேகத்தைப் பாருங்கள், பிறகு வளைவைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். டர்பனில் பெரும்பாலான கோளாறுகள் அந்த மூன்றாவது இடத்தில்தான் கிடக்கின்றன.

சொற்களை முதலிலேயே ஒழுங்கு செய்துகொள்வோம். ஏறிப் பறக்கும் மேடு ஏறுமேடு. அதன் கடைசி விளிம்பு லிப். விழுந்து இறங்கும் மேடு இறங்குமேடு. அதன் உச்சி முகடு. இரண்டுக்கும் நடுவே மண் நிரப்பித் தட்டையாக்கினால் அது டேபிள் டாப். புதிதாகக் கட்டுகிறவர்கள் டேபிள் டாப்பில் தொடங்குவதே நல்லது. குறைவாகப் பறந்தாலும் சக்கரம் மண்ணில்தான் படும், பள்ளத்தில் அல்ல. ஹெல்மெட் இல்லாதவர் மேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு வரவே கூடாது. இதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

எட்டவில்லை, பின்சக்கரம் முகட்டில் இடிக்கிறது

“அங்கிள், இன்னும் ஒரு அடி ஏற்றினால் எட்டிவிடும்” என்பார்கள். எட்டாது, தம்பி. கணக்கைப் பார்.

ஏறுமேடு 1.2 மீட்டர் உயரம், லிப்பில் 45 பாகைச் சாய்வு, இறங்குமேடும் அதே உயரம் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்துக்கு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மேடேறுவதிலேயே வேகம் சுமார் 18 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். பறக்கும் தூரம் ஏறத்தாழ 2.5 மீட்டர். அதே மேட்டுக்கு 28 கிலோமீட்டரில் வந்தால் 3.8 மீட்டர். 30 கிலோமீட்டரில் வந்தால் 4.7 மீட்டர். வெறும் 5 கிலோமீட்டர் வேகம் கூடியதில் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

இப்போது அந்த ஒரு அடியை ஏற்றிப் பார்ப்போம். 28 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு மேட்டை 1.5 மீட்டராக்கினால், சாய்வு மாறாத வரை, தூரம் 3.8 மீட்டரிலிருந்து 3.2 மீட்டராகச் சுருங்கும். கொட்டிய மண்ணெல்லாம் வேகத்தைத் தின்றுவிட்டது. கைகால்களால் அமுக்கி உந்தத் தெரிந்தவன் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பறப்பான். உராய்வு கொஞ்சம் குறைக்கும். கணக்கின் போக்கு மாறாது.

ஆகவே எட்டவில்லை என்றால் ஓடிவரும் பாதையைத் தேடுங்கள். மிதிக்காமல் உருண்டே 30 கிலோமீட்டர் வேகம் பெறுவதற்கு, உராய்வே இல்லை என்று வைத்தாலும் மூன்றரை மீட்டர் இறக்கம் வேண்டும். தளர்ந்த மணலில் அதற்கும் மேல். பாதையைத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்கிக் கூட்டித் துடைத்தாலே பல மேடுகள் தாமாக எட்டிவிடுகின்றன. அடுத்து டயர். 26 அங்குல குதிமேட்டு சைக்கிளில் 40 பிஎஸ்ஐக்குக் குறையாமல் காற்று இருக்கட்டும். இரவல் வாங்கிய மலைச் சைக்கிள் என்றால் முன்னும் பின்னுமுள்ள ஸ்பிரிங்குகளை இறுக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மேட்டில் அமுக்கும் விசையையெல்லாம் அவை விழுங்கிவிடும்.

காலையில் எட்டுகிறது, மாலையில் எட்டவில்லை என்றால் காற்றைப் பாருங்கள். டர்பனில் காற்று பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். எதிர்க்காற்றில் குறைவாகப் போவது பரவாயில்லை. குறுக்குக் காற்றில் குதிக்கவே கூடாது. இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போதே இதை நினைத்துப் பாருங்கள்.

எதுவும் இயலாதபோது இறங்குமேட்டை அருகே கொண்டுவாருங்கள். கௌரவக் குறைச்சல் என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பறந்ததும் முன்சக்கரம் கவிழ்கிறது

ஓட்டுகிறவனைக் குறை சொல்லுமுன் லிப்பின் கடைசி ஒரு மீட்டரைப் பாருங்கள். சைக்கிளின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். முன்சக்கரம் காற்றில் போன பிறகும் பின்சக்கரம் அந்த ஒரு மீட்டரைக் கடந்தாக வேண்டும். அங்கே சிறு புடைப்பு இருந்தால் பின்சக்கரத்தை மட்டும் உதைக்கும். மூக்கு கீழே போகும். பல பேர் ஓடி ஓடி லிப்பின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தாலும் இதே கதிதான். முன்சக்கரம் தொங்கும் நேரத்தில் பின்சக்கரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேலிருந்து பார்த்தால் எல்லா மேடும் அழகாகத்தான் தெரியும். வளையாத, நேரான ஒரு மீட்டர் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் உயரத்தில் 45 பாகையில் முடியும் சீரான வளைவுக்கு ஆரம் 4.1 மீட்டர். அந்த வளைவின் மேல் சட்டத்தை எங்கே வைத்தாலும் இரு முனைகளும் மண்ணைத் தொட, நடுவில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அடியிலிருந்து லிப் வரை ஒரு சாண், ஒரு சாணாக நகர்த்திப் பாருங்கள். இடைவெளியே இல்லை என்றால் அந்த இடம் தட்டை. சட்டம் ஆடினால் புடைப்பு. ஐந்து சென்டிமீட்டர் வந்தால் அங்கே வளைவு திடீரென்று இறுகுகிறது, அதாவது ஆரம் இரண்டரை மீட்டர் ஆகிவிட்டது. 25 கிலோமீட்டரில் வருகிறவனின் எடையை 4.1 மீட்டர் ஆரம் சுமார் 2.2 மடங்காக்கும், இரண்டரை மீட்டர் ஆரம் ஏறத்தாழ 3 மடங்காக்கும். சின்னப் பையனின் முழங்கால் அதில் மடிந்துவிடும். மடிந்தவன் எழும்போது சைக்கிள் அவன் பேச்சைக் கேட்காது.

திருத்துவதற்கு மண் சேர்க்காதீர்கள், சீவுங்கள். புடைப்பைக் கூர்மையான தட்டை மண்வெட்டியால் ஈரமாக இருக்கும்போது மெல்லச் சீவி, சட்டத்தை வைத்து, மறுபடி சீவுங்கள். தேய்ந்த விளிம்பு என்றால் ஒரு சாண் பின்னால் தள்ளி நேராக வெட்டிவிடுங்கள். மேடு கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலிலேயே தரையில் முளை அடித்து, 4.1 மீட்டர் கயிற்றால் வில்லை வரைந்து, பழைய பிளைவுட் பலகையில் அதை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது. மேட்டின் அடி நீளம் அப்போது 2.9 மீட்டர் வரும். இரண்டு மீட்டர் இடத்தில் நெருக்கிக் கட்டிவிட்டுத் தூக்கி எறிகிறது என்று அழுவதில் அர்த்தமில்லை.

மழைக்குப் பிறகு மேடு அமுங்கிவிட்டது

நம் ஊர்க் கோளாறுகளில் தலையாயது இது.

டர்பன் கடற்கரையை ஒட்டிய முகடுகளில் கிடப்பது பெரீயா சிவப்பு மணல். பழங்காலத்து மணல்மேடுகள் காலப்போக்கில் சிதைந்து, அவற்றிலிருந்த சில கனிமங்கள் களியாகி, இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மண். காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டாலும் செங்குத்தாக நிற்கும். வெட்டிய முகம் சுவர்போல் நிற்பதைப் பார்த்துவிட்டு, இருக்கும் கரையையே ஏறுமேடாக்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். மணல் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கவில்லை. நடுவே வெற்றிடம் நிறைய. துகளுக்கும் துகளுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் மெல்லிய களிப்பாலம்தான் அத்தனையையும் தாங்குகிறது. நீர் புகுந்தால் பாலம் இளகும், துகள்கள் சரிந்து நெருங்கும், மேடு அப்படியே உட்காரும். மண் எங்கும் ஓடிப்போகவில்லை. இருந்த இடத்திலேயே சுருங்கிவிட்டது. உங்கள் 1.2 மீட்டர் மேடு காலையில் குட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

எனவே இயற்கையாகக் கிடக்கும் சிவப்பு மணலை நம்பாதீர்கள். அந்தக் கட்டமைப்பை நீங்களே முதலில் உடைக்க வேண்டும். தோண்டி, கட்டி உடைத்து, வேரும் கல்லும் பொறுக்கி, அளவாக ஈரமாக்கி, 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிப்பில் ஒவ்வொரு அடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்து ஏற்ற வேண்டும். திமிசு விழும்போது முதலில் ‘தொப்’ என்று கேட்கும். போகப் போகச் சத்தம் கெட்டியாகி, கட்டை கையில் எகிறும். அப்போதுதான் அடுத்த அடுக்கு. முழு மேட்டையும் குவித்துவிட்டு மேலே மட்டும் மண்வெட்டியின் முதுகால் தட்டுவது முகத்துக்குப் பவுடர் போடுவதற்குச் சமம்.

ஈரம் சரியா என்று பார்ப்பதற்குக் கருவி வேண்டாம். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. உருண்டையாக நின்று, இடுப்புயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரியான பதம்.

களி எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணாடிச் சீசாவில் பாதி மண்ணும் மீதி நீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மறுநாள் மேலே இருக்கும் களியடுக்கு மொத்தத்தில் கால்பங்கை நெருங்கினால் நல்ல குதிமேட்டு மண். மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தால் லிப்புக்கும் முகட்டுக்குமாவது வேறிடத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து கலக்க வேண்டும்.

அடுத்து வடிகால். மேடு கட்டுமுன் தோண்ட வேண்டியது வாய்க்கால். ஏறுமேட்டுக்கும் இறங்குமேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம், அந்தப் பள்ளத்திலிருந்தே மண் எடுத்துக் கட்டியதால், ஊரிலேயே தாழ்வான இடமாகிவிடுகிறது. மழை பெய்தால் குளம். குளத்து நீர் இரண்டு மேடுகளின் காலையும் ஊறவைக்கும். மேலே எவ்வளவு இடித்திருந்தாலும் கால் இளகினால் நிற்காது. பள்ளத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து வெளியே ஒரு வாய்க்கால், மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நீரைச் சுற்றி அனுப்ப இன்னொன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே மழைக்காலம். பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டுப் போகும் மழை அரை மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். தைப்பூசக் காவடி முடிந்தும் மழை முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

மேட்டின் பக்கச் சரிவுகளை 45 பாகைக்கு மேல் நிமிர்த்தாதீர்கள், புல் போடுங்கள். நிழலான இடத்தில் எல்எம் புல் நன்றாகப் பிடிக்கும். கீழ்ச்சரிவில் மண் ஓடினால் வெட்டிவேரை வரிசையாக நடுங்கள். கரும்புத் தோட்டங்களில் கரை காக்க நடுவதும் அதைத்தான். ஒன்று கவனம்: ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் ஆடி இங்கே வறண்ட குளிர்காலம். அப்போது நட்ட புல் காய்ந்து நிற்கும். புரட்டாசி, ஐப்பசியில் நடுங்கள். ஆடி மாதம் மேட்டை இடித்து இறுக்குவதற்குத்தான் ஏற்றது. தண்ணீரை நீங்களே அளந்து ஊற்றலாம், வானம் குறுக்கிடாது.

வெயிலில் வெடிப்பு விடுகிறது

இது எதிர்ப்பக்கத்து நோய். கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக, குறிப்பாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம், ஷேல் என்ற களிப்பாறை சிதைந்த களிமண். உலக பிஎம்எக்ஸ் சாம்பியன்ஷிப்பை 2010-இலும் உலக மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பை 2013-இலும் நடத்திய ஊர் அது. மலைச் சைக்கிள் உலக சாம்பியன் கிரெக் மின்னார் பிறந்த ஊரும் அதுவே. அங்கே கட்டுகிறவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அவர்கள் மண்ணுக்குச் சொல்லும் மருந்தை அப்படியே கடற்கரை மணலில் பூசாதீர்கள். அவர்களுக்குக் களி மிகுதி, உங்களுக்குக் குறைவு.

களிமண் வேகமாகக் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கட்டிய மேட்டை ஈரக் கோணிச்சாக்கால் மூடி மெதுவாகக் காயவிடுங்கள். ஏற்கெனவே விட்ட வெடிப்பில் குழம்பை ஊற்றி அடைக்க வேண்டாம்; அது காய்ந்ததும் சில்லாக உதிர்ந்துவிடும். வெடிப்பை அகலமாகக் கீறி, ஈரமாக்கி, மணல் கலந்த மண்ணை இடித்து இறக்குங்கள். விரல் நுழையும் அளவு வெடிப்பு லிப்புக்குக் குறுக்கே ஓடினால் அன்று ஓட்டம் இல்லை.

லிப் நுனி அப்பம் அப்பமாகப் பெயர்கிறது

பழைய காய்ந்த முகத்தின் மேல் புது ஈர மண்ணை அப்பியிருப்பீர்கள். இரண்டும் ஒட்டாது. பெயர்ந்ததை முழுதும் நீக்குங்கள். உள்ளே கெட்டியான மண் வரும்வரை போய், அங்கே படிப்படியாக வெட்டுங்கள். படி ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கட்டும். வெட்டிய முகத்தைக் கீறி நனைத்துவிட்டு, கீழ்ப்படியிலிருந்து மேல்நோக்கி அடுக்கடுக்காக இடியுங்கள். தேவைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் பருமனாகக் கட்டி, மறுநாள் சீவி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். அப்பி வடிவமைப்பதும் சீவி வடிவமைப்பதும் ஒன்றல்ல.

இறங்கும்போது கணுக்காலும் முதுகும் அதிர்கின்றன

இறங்குமேடு குட்டை, அல்லது அதைத் தாண்டிப் போகிறீர்கள். முன்சொன்ன மேட்டில் 30 கிலோமீட்டரில் பறந்து இறங்குமேட்டை முழுதும் தாண்டித் தட்டைத் தரையில் விழுந்தால், 2.4 மீட்டர் உயரச் சுவரிலிருந்து நேராகக் குதித்த அடி. அதே வேகத்தில் சரிவோடு சரிவாக விழுந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. 45 பாகையில் ஏறினால் அதே உயரத்தில் 45 பாகையில்தான் இறங்குவீர்கள். இறங்குமேட்டின் சாய்வு அதைவிடச் சில பாகைகள் மட்டும் குறைந்திருக்கட்டும். ஏறுமேட்டைவிட இறங்குமேட்டை அகலமாகவும் நீளமாகவும் கட்டுங்கள். நேரமும் மண்ணும் குறைவு என்றால் ஏறுமேட்டில் மிச்சம் பிடியுங்கள், இங்கே அல்ல. அடிவாரம் தரையோடு சேரும் இடத்தையும் வளைவாக ஆக்குங்கள். அங்கே கோணம் இருந்தால் இரண்டாவது அடி அங்கே விழும்.

எல்லோரும் ஒரே பக்கமாக விலகிப் போகிறார்கள்

லிப் குறுக்குவாட்டில் மட்டமில்லை. ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். மட்டம் சரி என்றால், ஓடிவரும் பாதை மேட்டின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லை. நூல் கட்டிப் பாருங்கள்.

தூசி கிளம்புகிறது, சக்கரம் வழுக்குகிறது

முந்தின மாலையே தூவல் வாளியால் தண்ணீர் தெளித்துவையுங்கள். ஓட்டுவதற்குச் சற்றுமுன் ஊற்றினால் மேல்தோல் சேறு, அடியில் தூள். குழாய்த் தண்ணீரை வீணாக்காமல் கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

மேட்டில் திடீரென்று பொந்து விழுந்தது

மண்ணை மிச்சப்படுத்த நடுவில் மரக்கட்டை, பழைய பலகை, கரும்புச் சோகை என்று எதையாவது போட்டிருப்பீர்கள். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சோகை மக்கிவிடும், கட்டையைக் கறையான் தின்றுவிடும், மேலே மண் கூரை மட்டும் நிற்கும். ஒருநாள் யாராவது ஒருவரின் முன்சக்கரம் அதற்குள் இறங்கும். நிரப்புவதற்கு ஏதாவது வேண்டும் என்றால் உடைந்த செங்கலும் கல்லும் போடுங்கள். ஆனால் மேற்பரப்புக்கு 40 சென்டிமீட்டருக்குள் வரவேண்டாம், இடுக்குகளில் மண்ணை இடித்து நிரப்பாமலும் விடவேண்டாம். பொந்து விழுந்த மேட்டை ஒட்டுப்போட வழியில்லை. பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ நெளிகிறது

மழைக்கு மூடிவைத்த தார்ப்பாய் கதகதப்பாக இருக்கும். டர்பன் புறநகரில் கறுப்பு மாம்பாவும் துப்பும் நாகமும் அரிதல்ல. நீண்ட கழியால் தூரத்து மூலையிலிருந்து தூக்குங்கள். பாம்பு இருந்தால் விலகி நின்று, பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். துப்பும் நாகம் கண்ணைக் குறிவைக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அங்கே தொல்லை குரங்குகள்தான். ரொட்டியை மேட்டின் மேல் வைத்துவிட்டுத் தோண்டாதீர்கள்.

மேடு நன்றாக இருக்கிறது. ஆனால் இடிக்கச் சொல்கிறார்கள்

காலி நிலம் என்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. ஈத்தெக்வினி மாநகராட்சியின் திறந்தவெளி அமைப்பான டிமாஸ் எல்லைக்குள் வரும் காடும் சரிவும் ஓடைக்கரையும் பல வீடுகளின் பின்வேலியிலேயே தொடங்கிவிடுகின்றன. அங்கே அனுமதியில்லாமல் தோண்டவோ செடி வெட்டவோ கூடாது. மாநகராட்சியின் வரைபடத்தில் உங்கள் இடத்தை முதலில் பாருங்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். நிலத்தடிக் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும் கரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள், அது உங்கள் சொந்த வீடாகவே இருந்தாலும். ஏப்ரல் 2022 பெருமழையில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவோடு சேர்ந்து இறங்கிய வீடுகளை நாம் எல்லோரும் பார்த்தோம். வாசலில் ஒரு பாட்டி வந்து, “தம்பி, அந்தக் கரையில் மண் எடுக்காதே” என்றால், அவரோடு விவாதிக்க வேண்டாம். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு இடத்தில் மண் எடுங்கள். எடுத்த பள்ளத்தை அன்றே இடித்து மூடிவிட்டு, பாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டும் வாருங்கள்.